சோடியத்துக்கு 13.6 ஏன் ஒத்துவரவில்லை?

மே 2 — தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பிளஸ் டூ தம்பியின் கேள்வி

"அக்கா, ஆற்றல் மட்டத்துக்கு −13.6 × அணு எண்² ÷ சுற்று எண்² என்று இயற்பியல் புத்தகத்தில் இருக்கு. சோடியத்துக்கு அணு எண் 11, வெளி எலக்ட்ரான் மூணாவது சுற்றில். போட்டுப் பார்த்தா −182.8 எலக்ட்ரான் வோல்ட் வருது. வேதியியல் புத்தகத்தில் அதே எலக்ட்ரானைப் பிடுங்க 5.14 போதும்னு போட்டிருக்கு. ஒண்ணு 182, ஒண்ணு 5. அப்ப இந்த ஃபார்முலா ஹைட்ரஜனைத் தவிர எதுக்கும் ஆகாது. மார்க்குக்காக மனப்பாடம் பண்ணிட்டு விட்டுட வேண்டியதுதானே?"

மே 2, இரவு

கணக்கு சரி, முடிவை ஏற்க மாட்டேன்.

அணு எண்ணின் வர்க்கத்தைப் பெருக்குவது ஒரே ஒரு எலக்ட்ரான் உள்ள அணுவுக்கும் அயனிக்கும் மட்டும்: ஹைட்ரஜன், ஒரு எலக்ட்ரானை இழந்த ஹீலியம், இரண்டை இழந்த லித்தியம். சோடியத்தின் வெளி எலக்ட்ரானுக்கும் அணுக்கருவுக்கும் நடுவில் இன்னும் 10 எலக்ட்ரான் இருக்கின்றன. வெளியில் நிற்பவன் 11 புரோட்டானையும் முழுசாக உணர மாட்டான். 10 பேர் மறைத்துவிட்டால் மிச்சம் 1. அப்படியானால் 11-க்குப் பதில் 1 போடு: −13.6 ÷ 9 = −1.51.

இப்போது கையில் மூன்று எண்: 182.8, 1.51, உண்மையில் அளந்த 5.14. அளந்தது 1.51-க்கு மேலே இருக்கிறது, ஆனால் 182-இன் பக்கம் போகவே இல்லை. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிவை. மீதி நாளைக்கு.

மே 3

மின்சுமையை 1 என்றே வைத்துக்கொள். சுற்று எண்ணை மட்டும் முழு எண்ணாக இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதே. 5.14 வர வேண்டுமானால் கீழே என்ன இருக்க வேண்டும்? 13.6 ÷ 5.14 = 2.646. அதன் வர்க்கமூலம் 1.627. மூன்றாம் சுற்று எலக்ட்ரான், 1.627-ஆம் சுற்றில் இருப்பவன்போல நடந்துகொள்கிறான். 3-லிருந்து 1.627 போக 1.37. இந்த 1.37-க்குக் குவாண்டம் குறை என்று பேர். மிச்சமுள்ள 1.627 பயனுறு சுற்று எண்.

இது விடைக்கு ஏற்ப எண்ணை வளைப்பதுதானே என்று கேட்பாய். ஒரே ஒரு மட்டத்தை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். மற்ற மட்டங்களையும் போட்டுப் பார்.

ஒரே சுற்றுக்குள்ளும் எலக்ட்ரான் சுற்றும் விதத்துக்கு ஏற்ப எஸ், பி, டி என்று தனித்தனி மட்டங்கள் உண்டு. இதுவரை பார்த்தது 3எஸ். சோடியத்தின் 3பி மட்டம்: அங்கிருந்து 3எஸ்-க்கு விழும்போது வரும் மஞ்சள் ஒளி 589 நானோமீட்டர், ஆற்றல் 2.10. 5.14-லிருந்து கழித்தால் 3.04. அதே கணக்கைப் போட்டால் பயனுறு எண் 2.12, குறை 0.88. அடுத்து 3டி மட்டம்: அளந்தது 1.52, பயனுறு எண் 2.99, குறை 0.01.

அந்த 1.52-ஐயும் நேற்றிரவு தாளில் எழுதிய 1.51-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். டி எலக்ட்ரான் உள்ளே எட்டிப் பார்ப்பதே இல்லை. 10 பேருக்கு வெளியிலேயே சுற்றுகிறது, அதனால் அதற்குச் சோடியமும் ஒன்றுதான், ஹைட்ரஜனும் ஒன்றுதான். பி கொஞ்சம் உள்ளே நுழைகிறது. எஸ் அணுக்கரு வரை போய்வருகிறது, அதனால்தான் அதற்குக் குறை அதிகம். 1.37, 0.88, 0.01. இந்த மூன்று எண்ணை முதன்முதலில் நானே கையால் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு முன்னால் கல்லூரியில் மூன்று வருடம் எஸ், பி, டி என்று எழுதித் தள்ளியிருக்கிறேன். அந்த எழுத்துகளுக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை.

மே 3, பின்னிரவு

கணக்குப் போட வசதியாக ஒன்று: 1240-ஐ நானோமீட்டரால் வகுத்தால் எலக்ட்ரான் வோல்ட், எலக்ட்ரான் வோல்ட்டால் வகுத்தால் நானோமீட்டர்.

மே 5

கீழக்கரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: "பாமர் வரிசையின் முதல் வரிக்கு எனக்கு 656.1 வருகிறது. எல்லா இடத்திலும் 656.3 என்று இருக்கிறது. எங்கே தப்பு?"

தப்பு இல்லை. ஹைட்ரஜனில் மேல் சுற்றுகளிலிருந்து இரண்டாம் சுற்றுக்கு விழும் எலக்ட்ரான்கள் தரும் ஒளிக்கோடுகள்தான் பாமர் வரிசை. முதல் வரி மூன்றிலிருந்து இரண்டுக்கு. இந்த அலைநீளக் கணக்கில் ரிட்பர்க் மாறிலி என்று நீ போட்டது மீட்டருக்கு 10973732. அணுக்கரு அசையாமல் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால்தான் அந்த எண். அதை வைத்து 1/4 − 1/9, அதாவது 5/36 போட்டால் 656.11. உண்மையில் புரோட்டானும் லேசாக ஆடுகிறது. எலக்ட்ரானைப் போல 1836 மடங்கு கனம் என்பதால் மாறிலி 1836-இல் ஒரு பங்கு குறைந்து 10967758 ஆகிறது. இப்போது 656.47.

இப்போது கூடிவிட்டதே என்று பதறாதே. 656.47 வெற்றிடத்தில். நாம் அளப்பது காற்றில். காற்றின் ஒளிவிலகல் எண் 1.00028, அதால் வகுத்தால் 656.28 வந்து உட்கார்ந்துவிடும்.

இந்த 1836-இல் ஒரு பங்கு சின்ன விஷயமாகத் தெரியும். இதை நம்பித்தான் அமெரிக்க வேதியியலாளர் யூரியும் அவருடன் வேலை செய்தவர்களும் 1931-இல் கன ஹைட்ரஜனைத் தேடினார்கள். அணுக்கரு இரண்டு மடங்கு கனமானால் அது ஆடுவது பாதியாகும், சிவப்பு வரி 0.18 நானோமீட்டர் தள்ளி விழும் என்று சூத்திரம் சொன்னது. அந்த இடத்தில் மங்கலாக ஒரு வரி இருந்தது. டியூட்டீரியம் கிடைத்தது. 1934-இல் யூரிக்கு வேதியியல் நோபல்.

மே 8

தம்பி மறுபடி: "அக்கா, எல்லாம் தாள்ல நல்லா இருக்கு. கண்ணால பார்க்க முடியுமா? எங்க ஸ்கூல்ல ஹைட்ரஜன் குழாய் இல்ல."

ஹைட்ரஜனை விடு. நீ இருப்பது உப்பு விளைகிற கரை. வாலிநோக்கத்துப் பாத்தி உப்பு ஒரு சிட்டிகை போதும். கேஸ் அடுப்பின் நீலச் சுவாலையில் ஓரமாகத் தூவு, குப்பென்று மஞ்சள் எழும். உங்கள் வீட்டில் கருவாட்டை நேராகத் தீயில் வாட்டும்போது சுவாலை மஞ்சளாகத் துள்ளுமே, அதிலும் இந்த 3பி-யிலிருந்து 3எஸ்-க்கு விழும் எலக்ட்ரான் உண்டு.

பார்க்கும் விதம்: பழைய சிடி ஒன்றை எடு. அதன் தடங்களுக்கு நடுவே இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், மில்லிமீட்டருக்கு 625 கோடு, ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் நல்ல கீற்றணி. செருப்புப் பெட்டியின் ஒரு பக்கத்தில் இரண்டு பிளேடு வைத்து மயிரிழை அளவு பிளவு விடு. எதிர்ப்பக்கம் சிடியைச் சாய்த்து வை. மேலே ஒரு துளை போட்டு அதன் வழியாகப் பார்.

நான் செய்தபோது கண்டது: உப்பில்லாத நீலச் சுவாலையில் பச்சையிலும் ஊதாவிலும் மங்கலான பட்டைகள். அவை கார்பன் மூலக்கூறுகளுடையவை, நம் சூத்திரத்துக்குள் வராது. உப்புத் தூவியதும் ஒரே ஒரு மஞ்சள் கோடு, கத்தியால் கீறியதுபோல. இரண்டு பக்கமும் கருப்பு. ஒரு விநாடிதான் இருக்கும், பிறகு உப்பு தீர்ந்து கோடு மங்கும்.

பெட்டியோடு சூரியனை நேராகப் பார்க்காதே. கண் போய்விடும்.

மே 9

"விறகு நெருப்பும் மஞ்சள்தானே, அதிலும் சோடியமா?" என்று மண்டபம் முகாமிலிருந்து ஒருவர்.

நல்ல கேள்வி. சீமைக்கருவேல் விறகை எரித்து அதே பெட்டியால் பார்த்தேன். சிவப்பிலிருந்து பச்சை தாண்டி இடைவெளியே இல்லாத வானவில். அது சூடான கரித்துகள் தணலாக ஒளிர்வது. வரிசை, மட்டம் எதுவும் அதில் இல்லை, சூடு மட்டும்தான் பேசுகிறது. அந்த வானவில் மேலேயே மஞ்சளில் கொஞ்சம் பளிச்சென்று ஒரு கோடும் தெரிந்தது. கடற்கரை விறகில் உப்பு இல்லாமலா போகும்?

கண்ணுக்கு இரண்டும் ஒரே மஞ்சள். பெட்டிக்குள் பார்த்தால் சம்பந்தமே இல்லாத இரண்டு ஒளி. நிறத்தைப் பார்த்துத் தனிமத்தைச் சொல்லிவிடலாம் என்று வகுப்பில் சொல்வதை இதனால்தான் நான் விட்டுவிட்டேன்.

மே 12

வளைகுடாவில் மின் பணியில் இருக்கும் ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார், ஊர் தொண்டிப் பக்கம்: "சோடியம் வேப்பர் தெருவிளக்கு ஆயிரக்கணக்கில் மாட்டியிருக்கிறேன். அதில் ஒரே கோடு வராது தங்கச்சி. பல நிறம் வரும். உங்கள் சூத்திரம் அதற்கு என்ன சொல்லும்?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் அண்ணே. எங்கள் தெருவில் எல்இடி-க்கு மாறாமல் தப்பிய மஞ்சள் விளக்கு ஒன்று இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் பெட்டியோடு போய் நின்றேன். ஆரஞ்சுச் சிவப்பில் ஒரு கோடு, மஞ்சளும் பச்சையும் சேரும் இடத்தில் ஒரு கோடு, பச்சைநீலத்தில் இன்னொன்று. நடுவில் 589 இருக்க வேண்டிய இடத்தில் அகலமான மஞ்சள், அதன் மையத்தில் கருப்பு.

இப்போது சூத்திரம். எஸ் மட்டங்களின் குறை 1.37-இல் தொடங்கி மேலே போகப் போக 1.36, 1.35 என்று கொஞ்சமே நகர்கிறது. 5எஸ்-க்கு 1.36 போடுவோம். பயனுறு எண் 3.64, ஆற்றல் 13.6 ÷ 13.25 = 1.026. 3பி-க்கு இன்னும் துல்லியமாக 3.036 எடுத்துக்கொண்டால் வித்தியாசம் 2.010. 1240-ஐ வகுத்தால் 617. அளந்தது 616. அதுதான் ஆரஞ்சுச் சிவப்புக் கோடு.

4டி-க்குக் குறை 0.01. பயனுறு எண் 3.99, ஆற்றல் 0.854, வித்தியாசம் 2.182, அலைநீளம் 568. அளந்ததும் 568. மஞ்சள்பச்சைக் கோடு அது.

வரி இருக்கும் இடத்தைப் பார்க்காமல், தாளில் போட்டு, ஒரு நானோமீட்டருக்குள் வந்துவிட்டது. தம்பி, மே 3-ஆம் தேதி நீ கேட்டிருக்க வேண்டிய "எண்ணை வளைக்கிறீர்களா" என்ற கேள்விக்கு இதுதான் என் முழு பதில். வளைத்த எண் அடுத்த வரியைச் சொல்லாது.

நடுவில் கருப்பு ஏன்? அந்த விளக்கில் சோடியம் அதிக அழுத்தத்தில் இருக்கிறது. குழாயின் நடுவில் கிளம்பும் 589-ஐச் சுவர் ஓரத்தில் இருக்கும் குளிர்ந்த சோடியம் விழுங்கிவிடுகிறது. 616-ஐயும் 568-ஐயும் விழுங்க வேண்டுமானால் எலக்ட்ரான் ஏற்கெனவே 3பி-யில் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். ஓரத்தில் அப்படி இருப்பவை குறைவு, அதனால் அவை தப்பி வெளியே வருகின்றன.

மே 13

அண்ணன் பதில் ஒரே வரி: "இருபது வருசம் மாட்டினேன், ஒரு நாளும் பெட்டி வைத்துப் பார்க்கவில்லை."

ஊருக்கு வரும்போது பெட்டி தருகிறேன்.

மே 17

மே 3 குறிப்பை மறுபடி படித்தேன். அதில் விஷயங்களை அடுக்கிய முறை எனக்கு உறுத்துகிறது. ஹைட்ரஜன் சூத்திரத்தை முதலில் வைத்து, அது சோடியத்துக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி, பிறகு குறையைச் சேர்த்து ஒட்டுப்போட்டேன். எல்லாப் புத்தகமும் அப்படித்தான் வைக்கிறது. நடந்தது அப்படி இல்லை.

பாமர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பெண்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார். 1885-இல், அறுபது வயதில், ஹைட்ரஜனின் நான்கு வரிகளை வைத்து ஒரு சூத்திரம் எழுதினார்: 364.56 நானோமீட்டரை ஒரு பின்னத்தால் பெருக்க வேண்டும். ஒரு முழு எண்ணின் வர்க்கத்தை, அந்த வர்க்கத்தில் 4 கழித்ததால் வகுத்தால் அந்தப் பின்னம். 3 போட்டால் 9/5, அதாவது 656.2. அணுவுக்குள் மட்டம் இருப்பது அவருக்குத் தெரியாது, எலக்ட்ரானையே அப்போது யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ரிட்பர்க் சுவீடனில் வேறு பாதையில் வந்துகொண்டிருந்தார். அவர் கையில் இருந்தவை லித்தியம், சோடியம், பொட்டாசியம் போன்றவற்றின் வரிகள். அலைநீளத்தை விட்டுவிட்டு அதன் தலைகீழான அலை எண்ணை எடுத்தார். ஒவ்வொரு வரிசைக்கும் மாறிலியை (முழு எண் + ஒரு பின்னம்) என்பதன் வர்க்கத்தால் வகுக்க வேண்டும் என்று கண்டார். மாறிலி எல்லாத் தனிமத்துக்கும் ஒன்றே, பின்னம்தான் வரிசைக்கு வரிசை மாறுகிறது. பிறகு பாமரின் சூத்திரத்தைப் பார்த்தபோது, தன்னுடையதில் பின்னத்தைப் பூஜ்யமாக்கினால் பாமருடையது வந்துவிடுகிறது என்று அறிந்தார்.

அதாவது குறை பிறகு ஒட்டப்பட்டது இல்லை. சூத்திரம் பிறக்கும்போதே குறையோடு பிறந்தது. ஹைட்ரஜன்தான் அதில் தனி வகை, குறை பூஜ்யமாகிப் போன ஒரே அணு. நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளர் வந்து 1913-இல் ஹைட்ரஜனுக்குக் காரணம் சொன்னதும் பாடப்புத்தகங்கள் தனி வகையை விதி ஆக்கிவிட்டன, பொது விதியைக் கைவிட்டுவிட்டன. நம் பிள்ளைகள் பார்க்கவே முடியாத ஹைட்ரஜனில் ஆரம்பித்து, தினமும் அடுப்பில் பார்க்கும் சோடியத்தில் "பொருந்தாது" என்று முடிக்கிறார்கள். எனக்கு இதில் கோபமே வருகிறது. அடுத்த வருடம் என் டியூஷன் பிள்ளைகளுக்கு உப்பில்தான் ஆரம்பிப்பேன்.

எஸ், பி, டி, எஃப் எழுத்துகளும் லித்தியம், சோடியம் போன்ற கார உலோகங்களின் வரிசைகளுக்கு வைத்த பேர்களின் முதல் எழுத்துகள்தான்: ஷார்ப், பிரின்சிபல், டிஃபியூஸ், ஃபண்டமென்டல். நம் விளக்கின் 616 ஷார்ப் வரிசை, 568 டிஃபியூஸ் வரிசை.

மே 18

"பரீட்சையில் என்ன எழுத?" — தம்பி.

கேள்வியில் ஹைட்ரஜன் அல்லது ஒற்றை எலக்ட்ரான் அயனி இருந்தால் அணு எண்ணின் வர்க்கத்தைப் போடு. ஹைட்ரஜனின் வரிசை விளிம்பு, அதாவது ஒரு வரிசையின் மிகக் குறைந்த அலைநீளம் கேட்டால், 91.2 நானோமீட்டரைக் கீழ்ச் சுற்று எண்ணின் வர்க்கத்தால் பெருக்கு: லைமன் 91.2, பாமர் 365, பாஷன் 821, பிராக்கெட் 1459, ஃபண்ட் 2280. மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை.

சில கைடுகளில் அயனியாகாத லித்தியத்துக்கே அணு எண் 3 போட்டு 122 எலக்ட்ரான் வோல்ட் என்று விடை கொடுத்திருப்பதைப் பார்த்தேன். இரண்டு எலக்ட்ரான் இழந்த லித்தியத்துக்குத்தான் அது.

மே 23

பக்கத்து வீட்டுச் சித்தி கடல்பாசி வளர்க்கிறார். மிதவையில் கட்டி வளர்க்கும், இங்கே பெப்சி பாசி என்று சொல்லும் வகைதான். காய்ந்ததில் ஒரு கைப்பிடி வாங்கி, இரும்புச் சட்டியில் வெள்ளைச் சாம்பல் ஆகும்வரை கருக்கினேன். அந்தப் பாசியில் பொட்டாசியம் நிறைய. சாம்பலைத் தூவினால் வெறும் மஞ்சள்தான் தெரிகிறது. இத்தனூண்டு சோடியம் இருந்தாலும் அது எல்லாவற்றையும் மூடிவிடும். பள்ளி ஆய்வகத்திலிருந்து நீலக் கோபால்ட் கண்ணாடி இரவல் வாங்கி அதன் வழியாகப் பார்த்தேன். மஞ்சள் அடங்கி, இளம் ஊதா சுவாலை எழுந்தது. சித்தியையும் கூப்பிட்டுக் காட்டினேன். "இது நம்ம பாசியில இருந்தா வருது?" என்று கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டு சாம்பல் தீரும்வரை கொடுக்கவில்லை.

கணக்கு: பொட்டாசியத்தின் 4எஸ், 4.34. பயனுறு எண் 1.77, குறை 2.23. 4பி, 2.73. குறை 1.77. அதன் முக்கிய வரிகள் 766.5, 769.9. கண்ணுக்குக் கிட்டத்தட்ட எட்டாத ஆழ்சிவப்பு.

எஸ் குறைகளை வரிசையாக வை: லித்தியம் 0.41, சோடியம் 1.37, பொட்டாசியம் 2.23. உள்ளே ஒரு சுற்று கூடக்கூடக் குறை கிட்டத்தட்ட ஒன்று கூடுகிறது.

மே 27

கீழக்கரை மாணவி, கிரகணம் பற்றி: 2010 ஜனவரி 15 அன்று தனுஷ்கோடியில் கங்கணக் கிரகணம் தெரிந்ததே, 1868-இல் முழுக் கிரகணத்தின்போது பார்த்ததுபோல அப்போது ஹீலியம் வரியைப் பார்த்திருக்கலாமா என்கிறாள்.

நம் பெட்டியை வைத்து முடிந்திருக்காது. கங்கணத்தில் சூரியனின் வளையம் மிச்சமிருக்கும், அந்த வெளிச்சமே எல்லாவற்றையும் அடித்துவிடும். 1868 ஆகஸ்ட் 18 முழுக் கிரகணம். விளிம்பில் எழுந்த தீக்கொழுந்துகளின் ஒளி தனியாகக் கிடைத்தது. அதில் இருந்த மஞ்சள் வரியை முதலில் சோடியம் என்றே நினைக்கத் தோன்றியது. இடம் 587.6, சோடியத்தின் 589 இல்லை. பூமியில் வேதியியலாளர் ராம்சே அந்த வாயுவைப் பிடிக்க 1895 ஆனது.

நாங்கள் இருவரும் அந்த 587.6-ஐச் சூத்திரத்தில் போட்டோம். ஹீலியத்தில் அது 3டி-யிலிருந்து 2பி-க்கு விழுவது. 3டி-யின் ஆற்றல் 1.51, ஹைட்ரஜனுடையதேதான். 2பி, 3.62. பயனுறு எண் 1.94, குறை வெறும் 0.06. வித்தியாசம் 2.11, அலைநீளம் 588-க்குள்.

மே 28

நேற்றையதன் தொடர்ச்சி. லித்தியத்தில் அதே 3டி–2பி தாவலைப் போடு. 2பி குறை 0.04, ஆற்றல் 3.54. வித்தியாசம் 2.03, அலைநீளம் 610. அளந்தது 610.4.

மூன்று அணு, மூன்றிலும் மூன்றாம் சுற்றிலிருந்து இரண்டாம் சுற்றுக்கு ஒரே தாவல். ஹைட்ரஜனில் குறை 0, சிவப்பு 656. லித்தியத்தில் 0.04, ஆரஞ்சு 610. ஹீலியத்தில் 0.06, மஞ்சள் 588.

தம்பி, சோடியத்தின் 5டி-யிலிருந்து 3பி-க்கு நீயே போட்டுப் பார். குறை அதே 0.01. தெருவிளக்கில் பச்சைநீலத்தில் ஒரு கோடு என்று எழுதினேனே, 498-க்குப் பக்கத்தில் வந்தால் அதுதான்.